மதிலோரம் நாலு பூவரசு

அன்று காலை எட்டு மணிக்கு நான் ஓர் உறுதி எடுத்தேன். சும்மா எடுத்த உறுதி அல்ல. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்த உறுதி.

“இனி உந்த வான் என்ரை மதிலோடை நிக்கக் கூடாது! ஒண்டில் வான் இருக்க வேணும், இல்லாட்டி நான் இருக்க வேணும்!”

குசினிக்குள்ளிருந்து என் மனைவி சீலாவின் குரல் வந்தது.

“இருக்கிறதெண்டா இதிலை வந்து இருங்கோ. தேங்காய் துருவ ஆளில்லை.”

இருந்தேன். துருவினேன். துருவத் துருவ உறுதி இன்னும் இறுகியது.

என் பெயர் லெனாட். முப்பத்திரண்டு வருடம் தபாற்கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவன். சீலா அதே காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். நான் குத்தினது கடிதத்தில். அவள் குட்டினது பிள்ளைகளின் தலையில். இரண்டு பேரும் ஓய்வு பெற்றபின் கடிதமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மிஞ்சியது என் தலை ஒன்றுதான்.

கொழும்புத்துறையில் கடற்கரைக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்பது ஒரு பேச்சுக்கு. வீடு சீலாவின் சீதனம். வளவு சீதனம். கிணறு சீதனம். கிணற்றடித் தேசிமரம்கூடச் சீதனம். மகள் ஷாமினியை என் பங்கு என்று சொல்லலாம்தான். ஆனால் மூக்கு, முழி, வாய் எல்லாம் தாயின் பக்கம். அந்த வளவில் முழுக்க முழுக்க நானே உண்டாக்கிய பொருள் ஒன்றே ஒன்று. மதில்.

எட்டடி உயரம். மாம்பழ மஞ்சள் நிறம். உச்சியில் அலை அலையாய்ச் சீமெந்து வேலை. மூன்று வருடத்துக்கு முன், பழைய கிளுவை வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நானே நின்று நூல் பிடித்துக் கட்டுவித்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கவேண்டும் என்பதற்காக நான் கேற்றடியில் நிற்பேன்.

சீலாவுக்கு அந்த மதிலைக் கண்ணில் காட்டக்கூடாது.

“வேலி இருக்கேக்கை சோளகக் காத்து கடலிலை இருந்து நேரை விறாந்தைக்கு வரும். இப்ப வீடு போறணை மாதிரிக் கிடக்கு. மாவைக் குழைச்சு விறாந்தையிலை வைச்சாப் பின்னேரம் பாணாய் எடுக்கலாம்.”

“மதில் எண்டா ஒரு கௌரவம் அப்பா.”

“கௌரவத்துக்கு வேர்க்காது. எனக்கு வேர்க்குது.”

இன்னொரு முறைப்பாடும் இருந்தது. மீன் கொண்டுவருகிற லூர்த்தம்மாவோடு வேலிக்கு மேலால் அவள் ஊர்க்கதை கதைப்பது வழக்கம். மதில் வந்தபின் லூர்த்தம்மாவின் தலை தெரிவதில்லை. குரல் மட்டும் வரும். சில நாளில் குரலுக்குப் பின்னால் மீன் பையும் பறந்து வரும். ஒரு தடவை அது என் மடியில் விழுந்தது. திரளிமீன். அதற்கும் மதில்தான் காரணமாம்.

இப்படிப் பெருமையோடு நின்ற மதிலுக்கு வந்த சத்துரு முன்வீட்டுக் கோபிசங்கர். நல்ல பெடியன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான் வைத்திருக்கிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மத்தியானம் வரை அந்த வான் என் மதிலில் சாய்ந்துகொண்டு நிற்கும். அன்று காலை பார்க்கிறேன், மாம்பழ மஞ்சளில் ஒரு முழ நீளக் கீறல். வானின் பக்கக் கண்ணாடி உரசியிருக்கிறது.

“தம்பி கோபி, உதிலை விடாதையும்.”

“ஏன் அண்ணை? றோட்டுத்தானே.”

“றோட்டு எண்டா?”

“றோட்டு எண்டா எல்லாருக்கும் சொந்தம் அண்ணை.”

சட்டம் அவன் பக்கம். கீறல் என் பக்கம். அதனால்தான் நான் சாறத்தை மடித்துக் கட்டியது.

தேங்காயின் இரண்டாம் பாதியைத் துருவும்போது யோசனை வந்தது. தார் முடிகிற இடத்துக்கும் என் மதிலுக்கும் இடையில் ஒன்றரையடி மண் கிடக்கிறது. அது மாநகரசபையின் காணி. அதிலே வரிசையாய் நாலு மரத்தை நட்டுவிட்டால்? வான் எங்கே நிற்கும்? கோபிசங்கர் என்ன செய்வான்? மரத்தை யாரும் குறை சொல்ல முடியுமா? எடுத்த அலுவலும் முடியும், புண்ணியமும் கிடைக்கும்.

துருவலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினேன்.

“இஞ்சை பாரும் சீலா. உலகம் சூடாகிக்கொண்டு வருகுது.”

“எங்கடை வீடு அதுக்கு முதலே சூடாகீட்டுது.”

“அதைத்தான் சொல்லுறன். நான் மரம் நடப் போறன்.”

சீலா அடுப்பைக் குறைத்தாள். இது நல்ல சகுனம். நான் கதைக்கும்போது அவள் வழக்கமாக அடுப்பைக் கூட்டுவாள்.

“என்ன மரம்?”

“பூவரசு. உப்புக் காத்துக்கு அதுதான் நிக்கும்.”

“எத்தினை?”

“நாலு.”

“எங்கை?”

“மதிலுக்கு வெளியாலை. ஒழுங்கைக் கரையிலை. போற வாற சனத்துக்கு நிழலாய் இருக்கும்.”

சீலா என்னைப் பார்த்தாள். பிறகு யன்னலால் மதிலைப் பார்த்தாள். கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது மாதிரி இருந்தது.

“அருமையான யோசனை,” என்றாள்.

முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என் யோசனை ஒன்றை அருமை என்றது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே யோசனையைக் கைவிட்டிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அப்ப நாளைக்கே நாலு கதியால் தடியை வெட்டிக்கொண்டு வந்து ஊண்டிவிடுறன்.”

“விசரே உங்களுக்கு? சபைக் காணியிலை கேக்காமல் நட்டா, கோபி நாளைக்கே பிடுங்கி எறிவான். அனுமதி எடுத்து நட்டா?”

“நட்டா?”

“ஒரு இலையிலை கை வைக்கேலாது. கடுதாசி உங்கடை கையிலை.”

கடுதாசி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த தபாற்கந்தோர் விழித்துக்கொண்டது. எவ்வளவு சரியான கதை! இவளை எனக்குப் புத்தி இல்லாத காலத்திலேயே கட்டியிருக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சபைக் கந்தோருக்குப் போனேன். அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக ஓர் இளம்பிள்ளை, பெயர் அருந்ததி. மேசை நிறையக் கோப்புகள்.

“என்ன ஐயா, மரம் வெட்டவோ?”

“இல்லைப் பிள்ளை. நட.”

அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

“நடவோ?”

“ஓம். நாலு பூவரசு.”

“ஐயா, நான் இஞ்சை வந்து ரெண்டு வருசம். வெட்ட அனுமதி கேட்டு ஆக்கள் வரிசையிலை வருவினம். கொப்பு வீட்டுக் கூரையிலை முட்டுது, இலை கிணத்துக்குள்ளை கொட்டுது, காகம் எச்சமடிக்குது எண்டு. நடக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பி எனக்குக் கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் மாலையும் வந்திருக்கும். வான், கீறல், கோபிசங்கர் எல்லாம் என் நினைவை விட்டே போய்விட்டன. உலகத்துக்கு நிழல் கொடுக்க வந்த மகானாகவே நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

“விண்ணப்பத்தை எழுதிக் குடுங்கோ ஐயா. ஒழுங்கை ஆக்கள் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சால் நல்லது. உங்கடை பகுதி விதானையாரின்ரை கடிதமும் வேணும். பேந்து நான் வந்து அளந்து, இடத்தைக் குறிச்சுத் தருவன்.”

“என்னத்தை அளக்கிறது?”

“ஒழுங்கையைத்தான். சபைக் காணி எதிலை முடியுது, உங்கடை காணி எதிலை துடங்குது எண்டு பாக்க வேணுமெல்லே?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வெளியே விடவேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் மதிலுக்கு நூல் பிடித்தபோது, அந்த நூல் ஒரு சொட்டு ஒழுங்கைப் பக்கம் தளர்ந்தது. நூலின் குணம் அது. நானாகத் தளர்த்தினேன் என்று சொல்ல முடியாது. தளர்ந்ததை இழுக்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு தளர்ந்தது என்று நான் அளக்கவுமில்லை. அளந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் மனச்சாட்சி உறுத்தும். மனச்சாட்சியை உறுத்தவிடாமல் வைத்திருப்பதும் ஒரு தர்மம்தானே.

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில் மனம் தேறியது. அளக்கிறதென்றால் எதை வைத்து அளப்பார்கள்? காணியின் உறுதிப் பத்திரமும் அதோடு தைத்த பிளானும் வேண்டும். அவை தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு இடம்பெயர்ந்து ஓடியபோதே தொலைந்துவிட்டன. மதில் கட்டுகிற காலத்தில் நான் சீலாவிடம் கேட்டேன். “உது எங்கை கிடக்கோ ஆருக்குத் தெரியும்,” என்றாள். கடவுள் கிருபை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சீலா ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து முத்து முத்தாய் விண்ணப்பம் எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன். பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினாள். பதினொரு வீட்டுக் கையெழுத்தோடு திரும்பி வந்தாள். முதலாவது கையெழுத்து கோபிசங்கருடையது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவன் என்னெண்டு வைச்சவன்?”

“மரம் வந்தா எல்லாருக்கும் நிழல்தானே ரீச்சர் எண்டு சொல்லிச் சந்தோசமா வைச்சவன். நல்ல பெடியன்.”

பாவம்! தன் வானுக்குத் தானே குழி தோண்டக் கையெழுத்து வைத்திருக்கிறான். அன்று இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டேன்.

புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை அருந்ததி அளவு நாடாவோடு வந்து இறங்கினாள். ஒழுங்கையே கூடிவிட்டது. கோபிசங்கர் வானில் சாய்ந்துகொண்டு நின்றான். லூர்த்தம்மா மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“ஐயா, காணிப் பிளான் இருக்கோ?”

“அதை ஏன் பிள்ளை கேக்கிறீர்!” குரலில் வேண்டிய அளவு சோகத்தைக் கலந்தேன். “தொண்ணூற்றைஞ்சிலை உடுத்த உடுப்போடை போன சனம் நாங்கள். எல்லாம் போச்சு.”

“ஓம் பிள்ளை, எல்லாம் போச்சு,” என்று லூர்த்தம்மாவும் மூக்கை உறிஞ்சினாள். சோகம் நன்றாக எடுபட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“இஞ்சருங்கோ, இதுவோ எண்டு பாருங்கோ.”

சீலாவின் கையில் பொலித்தீன் சுற்றிய ஒரு கட்டு. பொலித்தீனுக்குள் துணி. துணிக்குள் உறுதி. உறுதியோடு தைத்த பிளான். நேற்று அச்சடித்தது போல ஒரு சுருக்கமும் இல்லை.

“இது... இது எப்பிடி?”

“அண்டைக்கு வெளிக்கிடேக்கை நீங்கள் றேடியோவைத் தூக்கினியள். நான் உறுதியைத் தூக்கினன். உங்களுக்கு இண்டைக்கு உதவியா இருக்குமெண்டு தேடி எடுத்தனான்.”

மனிதரின் உறுதி குலைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உறுதி விரிவதால் ஒருவன் குலைவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கோபிசங்கரின் வான் மூக்கில் வைத்தே அதை விரித்தார்கள். பிளான் காற்றில் பறக்காமல் அவன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான்.

“பிளானிலை ஒழுங்கை பதினைஞ்சு அடி,” என்றாள் அருந்ததி.

கோபிசங்கர் வீட்டு மூலையில் இருந்த பழைய எல்லைக்கல்லில் நாடாவின் ஒரு தலையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சீலா பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கோடு கீறுகிறபோது அவள் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. அருந்ததி மற்றத் தலையை இழுத்துக்கொண்டு வந்தாள். மதில் வந்தது. நாடா முட்டி நின்றது.

“பதினொண்டரை.”

லூர்த்தம்மா விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள்.

“மூண்டரை,” என்று அங்கிருந்தபடியே சீலா சொன்னாள். கணக்கு ரீச்சர்.

அருந்ததி நல்ல பிள்ளை. என்னை ஒரு சொல் குறைவாய்ச் சொல்லவில்லை. தார் விளிம்பிலிருந்து நாடாவை வைத்து இரண்டடியில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி போடக் குனிந்தாள். புள்ளி மண்ணில் விழவில்லை. மாம்பழ மஞ்சளில் விழுந்தது.

“ஐயா, தாரிலை இருந்து ரெண்டடி தள்ளித்தான் மரம் நட வேணும். அனுமதி தாறதிலை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா அந்த இடத்திலை நீங்கள் ஏற்கெனவே ஒண்டு நட்டு வைச்சிருக்கிறியள்.”

“என்ன பிள்ளை?”

“மதில்.”

மரம் நட வந்தவன் மரமாய் நின்றேன். வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியது. கோபிசங்கர் மட்டும் மெதுவாய்ச் சொன்னான்: “பரவாயில்லை அண்ணை. றோட்டு எல்லாருக்கும் சொந்தம்தானே.” நக்கலா ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் போனபின் கேற்றைச் சாத்திவிட்டு வந்து கத்தினேன்.

“நீர் எல்லை மீறிப் போட்டீர் சீலா!”

“ஆர் எல்லை மீறினது? நாடாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரட்டோ?”

“அத்திவாரம் வெட்டின அண்டே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னனான். கால் அடியாலை அளந்து பாத்திட்டு வந்து சொன்னனான். நீங்கள் என்ன சொன்னியள்?”

“என்ன சொன்னனான்?”

“‘பொம்பிளையளுக்கு எல்லை விளங்காது, போய் மேசனுக்குத் தேத்தண்ணி ஊத்தும்’ எண்டு சொன்னியள். ஊத்தினனான்.”

சொல்லியிருப்பேன். என் குரல் மாதிரித்தான் இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் சபைக் கந்தோருக்கு ஓடினேன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வேணும் என்றேன். உலகம் அவ்வளவு சூடாகவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“வாங்கலாம் ஐயா,” என்றாள் அருந்ததி. “மரம் வேண்டாம் எண்டா விடுங்கோ. ஆனா அளந்தது அளந்ததுதான். மதிலுக்கு எப்பிடியும் கடிதம் வரும்.”

இந்த முறை தேத்தண்ணி வரவில்லை.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் விழுந்தேன். உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதன் ஒரு வளவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஒரே ஒரு பொருளைச் செய்கிறான். அதையும் இடிக்கச் சொன்னால்? சீலா வந்து பக்கத்தில் இருந்தாள். விசிறி மட்டையால் எனக்கு விசிறினாள். அவள் விசிறினால் கவனமாய் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெக்கை. விசிறட்டும் என்று விட்டேன்.

“இஞ்சருங்கோ. மதில் எப்பிடியும் போகப் போகுது. அது முடிஞ்ச கதை. இனி எப்பிடிப் போகுது எண்டதுதான் கதை.”

“எப்பிடிப் போனா என்ன?”

“சபை கடிதம் ஒட்டி இடிச்சா, லெனாட்டர் றோட்டைப் பிடிச்சவர் எண்டு சொல்லுவினம். நீங்களே இடிச்சு மரத்தை நட்டா, மரத்துக்காக மதிலையே விட்டுக்குடுத்த மனுசன் எண்டு சொல்லுவினம். எது வேணும்?”

நான் யோசித்தேன்.

“ரெண்டாவதை ஆர் சொல்லுவினம்?”

“நான் சொல்லுவன். லூர்த்தம்மாவும் சொல்லுவா. லூர்த்தம்மா சொன்னா நாவற்குழி வரைக்கும் போகும்.”

மதிலைக் கட்டின மேசன் ஜெபநேசனையே கூப்பிட்டேன். வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

“நான் அப்பவே கேட்டனான் அண்ணை, நூல் ஏன் வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்குது எண்டு.”

“வேலையைப் பாரும்.”

முதல் அடியை நானே அடித்தேன். கீறல் விழுந்த இடத்தில்தான். வலித்தது, மதிலுக்கா எனக்கா என்று தெரியவில்லை. பிறகு ஒழுங்கைச் சனமே இறங்கிவிட்டது. கல்லும் சல்லியும் ஏற்றிப் பறிக்கக் கோபிசங்கர் தன் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தான். பதினேழு தடவை ஓடினான். வேர்த்து விறுவிறுத்து நின்றவனிடம் மனம் பொறுக்காமல் கேட்டேன்.

“தம்பி, உம்மடை வளவுக்குள்ளை இவ்வளவு இடம் கிடக்கு. ஏன் வானை வெளியிலை விட்டனீர்?”

“உங்கடை மதில் நிழல் விழுந்தது அண்ணை, அதுதான். உங்களுக்கு இடைஞ்சல் எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே உள்ளுக்கை விட்டிருப்பன். நீங்கள் ‘உதிலை விடாதையும்’ எண்டுதானே சொன்னியள். நான் ஒரு அடி தள்ளி விட்டனான்.”

ஒரு கல்லைத் தூக்கி வானுக்குள் வைத்தேன்.

ஐப்பசி மழையோடு அனுமதிக் கடிதம் வந்தது. சபையின் முத்திரை நடுவில் நேராய்க் குத்தியிருந்தது. தொழில் தெரிந்தவன் குத்தியிருக்கிறான். அருந்ததி வந்து நாலு புள்ளி போட்டாள். லூர்த்தம்மாவின் தமையன் வளவிலிருந்து கைமொத்தத்தில் நாலு பூவரசங் கதியால் வந்தது. நானும் கோபிசங்கரும் குழி வெட்டினோம். எங்கள் உண்மையான எல்லையில், பிளானில் உள்ளபடி, கிளுவை வேலி வந்தது. நூலை ஒரு தலையில் சீலா பிடித்தாள். அது தளரவில்லை.

மாரி முழுக்க நான் அந்த நாலு தடிகளையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். தடியாகவே நின்றன. தை பிறக்க மூன்றாவது தடியில் ஒரு பச்சைப் புள்ளி. வெளியே ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். இலை. இதயம் மாதிரி, பெருவிரல் நகமளவில் ஓர் இலை. “சீலா!” என்று கத்தினேன். அவள் என்னவோ ஏதோ என்று அகப்பையோடு ஓடி வந்தாள். இருவரும் ஒழுங்கையில் குந்தியிருந்து அதைப் பார்த்தோம். மதில் ஒரு நாளும் துளிர்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவளிடம் சொல்லவில்லை.

மாசியில் நாலும் தளிர்த்தன. கிணற்றிலிருந்து வாளி வாளியாய்த் தண்ணீர் சுமந்தேன். வைகாசியில் சோளகம் பெயர்ந்தது. கடலில் புறப்பட்ட காற்று பூவரசங்கன்றுகளைத் தடவி, கிளுவைக்குள் புகுந்து, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த என் நெற்றியில் வந்து நின்றது. மூன்று வருடமாய் எனக்கு ஒரு மத்தியான நித்திரை சரியாய் வந்ததில்லை. அன்று நாலு மணிக்குத்தான் எழும்பினேன். வேலியடியில் சீலாவும் லூர்த்தம்மாவும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேர், கன்றுகளின் ஒரு முழ நிழலுக்குள் தலையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். வருகிற வருடம் முழு உடம்பையும் வைக்கலாம்.

லூர்த்தம்மா தன் பங்கை ஒழுங்காய்ச் செய்திருந்தாள். “மரத்துக்காக மதிலை இடிச்ச ஐயா இவர்தான்,” என்று தெரியாத சனமும் என்னைப் பார்த்துத் தலையாட்டின. சபையில் ஒரு மரநடுகை நாளுக்குக் கூப்பிட்டுக் கதைக்கவும் விட்டார்கள். இருபது நிமிடம் கதைத்தேன். அருந்ததி முன்வரிசையில் இருந்து குனிந்துகொண்டே கேட்டாள். அதன்பிறகு யாராவது மரம் நட ஆலோசனை கேட்டு வரக்கூடும் என்று, கடிதத்தின் பிரதியைச் சேட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஒருத்தி வந்தாள். அடுத்த ஒழுங்கைக் கஜந்தினி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வேலிப் படலையடியில் நின்று கூப்பிட்டாள்.

“அண்ணை, உந்த மரம் நடுற அலுவலாய் வந்தனான்.”

“வாரும் பிள்ளை, வந்து இரும்!” கண்ணாடியைப் போட்டேன். கடிதத்தை விரித்தேன். “முதலிலை விண்ணப்பம். பேந்து ஒழுங்கைச் சனத்தின்ரை கையெழுத்து. விதானையாரின்ரை கடிதம். தாரிலை இருந்து ரெண்டடி. உப்புக் காத்தெண்டாப் பூவரசு, கொஞ்சம் உள்ளுக்கை எண்டா வேம்பு...”

கால் மணித்தியாலம் விளக்கினேன். மரியாதையான பிள்ளை. கொட்டாவியைக்கூட மறைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் தோளுக்கு மேலால் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ரீச்சர் நிக்கிறாவோ அண்ணை?”

“ஏன் பிள்ளை? மரத்தைப் பற்றி என்ன கேக்கிறதெண்டாலும் என்னட்டைக் கேளும்.”

“மரத்தைப் பற்றி இல்லை அண்ணை,” என்றாள் கஜந்தினி, குரலைத் தணித்து. “எங்கடை வீட்டுக்காரரும் ஒரு மதில் கட்டி வைச்சிருக்கிறார்.”